கிராமத்தில் வை-ஃபை தொழில்: மானியத்தோடு தொடங்க நினைப்பவர்களுக்கு

கிராமத்துக்கு இன்டர்நெட் கொண்டுபோக அரசு இவ்வளவு கோடி ஒதுக்குகிறதே, அதில் ஒரு துளி நமக்கு வராதா என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். ஒன்றரை வருடம் அலைந்தேன். மானியம் கைக்கு வரவில்லை. தப்பு என்னுடையதுதான், கீழே சொல்கிறேன். அதே தப்பைச் செய்யாத என் சித்தப்பா மகளுக்குப் பக்கத்து ஊரில் கிடைத்தது. இரண்டு ஃபைலையும் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டுபோக 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திருத்திய பாரத்நெட் திட்டத்தின் மதிப்பு 1,39,579 கோடி ரூபாய். அது டெண்டர் வழியாகப் பெரிய நிறுவனங்களுக்குப் போகிற பணம். கிராமத் தொலைத்தொடர்புக்கென்று அரசு வைத்திருக்கும் டிஜிட்டல் பாரத் நிதியும் அப்படித்தான். நாம் விண்ணப்பம் எழுதிப் போட்டால் காசோலை வரும் இடம் அது இல்லை. நம் அளவுக்கு அரசு தருவது மூன்று: உரிமமும் உரிமக் கட்டணமும் வேண்டாம் என்ற விலக்கு, நாம் வாங்கி விற்கும் இணைப்புக்கு விலை உச்சவரம்பு, சுயதொழில் கடனோடு ஒட்டி வரும் மானியம். இதில் மூன்றாவதுதான் ரூபாயாகக் கண்ணில் தெரியும். அலைச்சலும் அதில்தான்.

1. முதலில் ஊரைச் சுற்றி நடங்கள்

இரண்டு மூன்று கம்பெனி சிம் போட்ட போன்களை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, எங்கே சிக்னல் விழவில்லை என்று ஒரு தாளில் குறியுங்கள். காலையில் ஒரு முறை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு முறை. மாத ரீசார்ஜிலேயே தினமும் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று வருகிற காலம் இது. டவர் நன்றாக எடுக்கும் ஊரில் வை-ஃபை கூப்பனை யாரும் வாங்க மாட்டார்கள். உங்கள் ஊர் அப்படி இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். வருத்தம் வேண்டாம், பணம் மிச்சம்.

எனக்குக் காசு வருவது ஊரின் பள்ளமான பக்கத்திலிருந்து. அங்கே வீட்டுக்குள் போனால் சிக்னல் ஒரு கோடுதான். அப்புறம் செங்கல் சூளையில் தங்கி வேலை செய்யும் வெளியூர்க்காரர்கள், ஆன்லைன் வகுப்புப் பிள்ளைகள். இந்த மாதிரி நாலு கும்பல் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

2. எந்தப் பெயரில் தொழில் செய்யப் போகிறீர்கள்?

வீட்டுக்கு வீடு மாதச் சந்தாவில் இணைப்புக் கொடுக்க வேண்டுமானால் இணையச் சேவை உரிமம் வேண்டும், அல்லது உரிமம் வைத்திருப்பவருக்குக் கூட்டாளியாக வேலை செய்ய வேண்டும். பாரத்நெட் உத்யமி என்று பிஎஸ்என்எல்லோடு வருமானத்தைப் பாதிப்பாதி பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இரண்டாவது வகை. பஞ்சாயத்து அலுவலகம் வரை ஃபைபர் வந்து, அது உயிரோடும் இருந்தால் அதைக் கேட்டுப் பார்க்கலாம். பெட்டி சுவரில் தொங்கும், விளக்கு எரியாது. அப்படியும் ஊர்கள் உண்டு. நேரில் போய் விளக்கைப் பாருங்கள்.

உரிமமே இல்லாமல் தொடங்க வழி, 2020 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பொது வை-ஃபை திட்டமான பிஎம்-வாணி. இதில் பொது இடத்தில் வை-ஃபை வைத்துக் கூப்பன் விற்பவருக்குப் பெயர் பப்ளிக் டேட்டா ஆபீஸ், சுருக்கமாக பி.டி.ஓ. பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது. (எங்கள் பஞ்சாயத்துத் தலைவரிடம் "நான் பி.டி.ஓ. ஆகப் போறேன்" என்றதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். யூனியன் ஆபீஸ் பி.டி.ஓ. வேறு, இது வேறு என்று விளக்க அரை மணி நேரம் ஆனது.) பல பி.டி.ஓ.க்களைச் சேர்த்து, யார் எப்போது நுழைந்தார் என்ற கணக்கையும் பணக் கணக்கையும் பார்ப்பவர் பி.டி.ஓ.ஏ. அவர்தான் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில் பதிய வேண்டும்; அதற்கும் கட்டணம் இல்லை. நீங்கள் பதிவு பெற்ற ஒரு பி.டி.ஓ.ஏ.வோடு ஒப்பந்தம் போட்டால் போதும்.

இங்கே இரண்டு பொறிகள். "பி.டி.ஓ. லைசென்ஸ் வாங்கித் தருகிறேன், பத்தாயிரம் ஆகும்" என்று போன் வரும். அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. இன்னொன்று, சில பி.டி.ஓ.ஏ.க்கள் தங்கள் பெட்டியைத்தான் வாங்க வேண்டும் என்பார்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் வாங்கிய பெட்டி, அங்கிருந்து விலகியதும் வேறு யாருடைய மென்பொருளோடும் பேசவில்லை. இப்போது கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்டை கொடுத்து வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: நூறு ரூபாய்க் கூப்பனில் எனக்கு எவ்வளவு, பணம் எத்தனை நாளில் வங்கியில் விழும், நான் விலகினால் பெட்டி வேறு இடத்தில் வேலை செய்யுமா? பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் ஒப்பந்தம் ஆகாது.

3. இணைப்பு: வீட்டு பிளானை எடுத்து விற்காதீர்கள்

வீட்டுப் பெயரில் வாங்கிய ஃபைபர் பிளானைப் பங்கு போட்டு விற்றால் அந்த பிளானின் நிபந்தனையை மீறியதாகும். இணைப்பைத் துண்டித்தால் கேட்க முடியாது. முன்பு பி.டி.ஓ.க்களைத் நிறுவனங்களுக்கான தனி இணைப்பான லீஸ்டு லைன் எடுக்கச் சொல்வார்கள், அதன் விலை சாதாரண ஃபைபரைப் போலப் பல மடங்கு. தொழில் படுத்ததற்கு அதுவே பெரிய காரணம். இப்போது நிலைமை மாறிவிட்டது. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட கட்டண உத்தரவுப்படி, 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டு ஃபைபர் பிளான்களை பிஎம்-வாணி பி.டி.ஓ.க்களுக்கும் கொடுக்க வேண்டும். விலை அதே வேகத்துக்கான வீட்டுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. வீட்டுக்கு 700 ரூபாய் என்றால் உங்களுக்கு அதிகபட்சம் 1,400.

இணைப்புக் கொடுக்கும் கம்பெனி கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். "அப்படி ஒரு பிளானே இல்லை சார்" என்பார். வாக்குவாதம் வேண்டாம். உத்தரவைப் பிரின்ட் எடுத்து, எழுத்துப்பூர்வமாக விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகச் சீல் வாங்குங்கள். எனக்கு வாயால் கேட்டு மூன்று மாதம் நகராத வேலை, சீல் வாங்கிய பிறகு மூன்றாவது வாரம் நடந்தது.

4. எதையும் வாங்காதீர்கள், போர்டும் மாட்டாதீர்கள்

இதுதான் நான் விழுந்த குழி.

மானியத்துக்கு நம் அளவில் பொருத்தமானது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், எல்லோரும் பிஎம்இஜிபி என்பார்கள். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம். ஆனால் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான். நடந்துகொண்டிருக்கும் தொழிலுக்கோ, வேறு அரசு மானியம் ஏற்கெனவே வாங்கியதற்கோ கிடையாது.

நான் விண்ணப்பம் போட்டுவிட்டு, கடன் எப்படியும் வந்துவிடும் என்ற தெம்பில், ஆயுதபூஜை நல்ல நாள் என்று கைக்காசில் இரண்டு பெட்டி வாங்கி மாட்டினேன். வாசலில் ஃபிளெக்ஸ் போர்டு, மாவிலைத் தோரணம், சந்தனம், பூசணிக்காய் எல்லாம் உண்டு. பத்து நாள் கழித்து இடம் பார்க்க வந்த அலுவலர் நல்ல மனிதர், டீ கூடக் குடித்தார். போகும்போது போர்டை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். "தொழில் ஏற்கெனவே ஓடுதே தம்பி" என்றார். அவ்வளவுதான். அந்தப் போர்டின் விலை எனக்கு 62,500 ரூபாய். கணக்கைக் கீழே பார்ப்பீர்கள்.

கடன் ஒப்புதல் கடிதம் கையில் வரும் வரை பில் வேண்டாம், போர்டு வேண்டாம், கூகுள் மேப்பில் கடை பெயரும் வேண்டாம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவில் தொழில் தொடங்கிய தேதியைக் கேட்கும். அங்கே பழைய தேதியைப் போட்டு உங்கள் விண்ணப்பத்தை நீங்களே உடைத்துக்கொள்ளாதீர்கள். உத்யம் பதிவு முழுக்க இலவசம், பணம் கேட்கும் தளம் எல்லாம் போலி.

5. திட்ட அறிக்கையும் கணக்கும்

தங்கச்சிக்கு நாங்கள் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். விலைகள் நாங்கள் வாங்கிய கொட்டேஷன்படி.

வெளிப்புற வை-ஃபை பெட்டி ஆறு, 51,000. ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குக் காற்றிலேயே இணைப்புத் தாவ ரேடியோ இரண்டு ஜோடி, 22,000. ரவுட்டர் 9,000, சுவிட்ச் 12,000. யூபிஎஸ், பேட்டரி 28,000. இரும்புக் குழாய், கேபிள், எர்த்திங், கூலி 38,000. லேப்டாப் 45,000. ஆக 2,05,000. நடைமுறை மூலதனம் 45,000. மொத்தம் இரண்டரை லட்சம்.

பஞ்சாயத்துப் பகுதியில் பொதுப் பிரிவு ஆணுக்கு மானியம் 25 சதவீதம், சொந்தப் பங்கு 10 சதவீதம். பெண்கள், எஸ்சி, எஸ்டி, ஓபிசி, சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினருக்கு மானியம் 35, சொந்தப் பங்கு 5. இரண்டரை லட்சத்துக்கு எனக்கானால் சொந்தப் பங்கு 25,000, மானியம் 62,500. தங்கச்சிக்குச் சொந்தப் பங்கு 12,500, மானியம் 87,500.

உடனே "அப்போ மனைவி பெயரில் போட்டுவிடலாமே" என்று தோன்றும். போடலாம், அவர் நிஜமாகவே நடத்துவதாக இருந்தால். வங்கி மேனேஜர் கேள்வியை அவரிடம்தான் கேட்பார். குடும்பத்தில் ஒருவருக்குத்தான் என்பதும் நினைவில் இருக்கட்டும். கணவன் மனைவி இருவரும் தனித்தனியாக வாங்க முடியாது.

திட்டத்தில் நிலத்தின் விலையைச் சேர்க்கக் கூடாது. வெறும் நடைமுறை மூலதனம் மட்டும் கேட்டால் எடுக்க மாட்டார்கள், இயந்திரச் செலவு இருக்க வேண்டும். சேவைத் தொழிலில் 5 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றிதழ் வேண்டும். கொட்டேஷன் ஜிஎஸ்டி எண்ணோடு, விண்ணப்பதாரர் பெயரில் இருக்க வேண்டும். என் பெயரில் வாங்கியதைத் தங்கச்சி ஃபைலில் வைத்ததால் ஒரு முறை திரும்பி வந்தது.

வருமானக் கணக்கை ஊதிப் பெருக்காதீர்கள். முதல் மாதமே முந்நூறு பேர் என்று எழுதிவிட்டு, எந்த முந்நூறு பேர் என்று கேட்டால் திணறுவீர்கள். முதல் படியில் குறித்த தாள் இங்கே உதவும். தங்கச்சி அதையே அறிக்கையின் பின்னிணைப்பாக வைத்தாள்.

6. விண்ணப்பம்

பிஎம்இஜிபி இ-போர்ட்டலில் ஆன்லைனில்தான். கட்டணம் இல்லை, ஏஜென்ட் தேவையில்லை. ஆதார், பான், போட்டோ, சாதிச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ், கிராமப்பகுதிச் சான்று, திட்ட அறிக்கை, இவைதான் முக்கியம். ஆதாரில் இருக்கும் பெயரும் பானில் இருக்கும் பெயரும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்கட்டும். தங்கச்சியின் இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். அதைச் சரிசெய்யவே மூன்று வாரம்.

எந்த முகமை வழியாக என்று கேட்கும்: காதி ஆணையம், காதி வாரியம், மாவட்டத் தொழில் மையம். நான் மாவட்டத் தொழில் மையத்தைத்தான் சொல்வேன். தமிழக அரசின் வேலையற்ற இளைஞர் திட்டமான யுஒய்இஜிபியையும் அங்கேதான் பார்க்கிறார்கள், ஒன்றில் தகுதி இல்லை என்றால் மற்றதைக் கேட்கலாம். போர்ட்டலைத் திறக்கும் முன் ஒரு நடை அங்கே போங்கள். பிஎம்இஜிபிக்கு 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். இந்த நிதியாண்டு நிலவரத்தையும் மாவட்ட ஒதுக்கீட்டில் மீதி உண்டா என்பதையும் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். நிதியாண்டின் தொடக்க மாதங்களில் போடுவது நல்லது. பிப்ரவரி, மார்ச்சில் போட்டால் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்ற பதில்தான்.

7. வங்கி

முகமை பரிந்துரைத்தாலும் கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் முடிவு. போகும் முன் உங்கள் பழைய கடன்களின் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடம் ஒரு முறை இலவசம். போன் வாங்கிய தவணையில் நிலுவை நின்றுபோனது, யாருக்கோ ஜாமீன் போட்டது எல்லாம் அங்கே வந்து நிற்கும்.

தங்கச்சி போன நாளில் மேனேஜர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "ஏம்மா, கேபிள் இல்லாம எப்படி நெட்டு போகும்? நடுவுல மரம் வளர்ந்தா?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. "அதுக்குத்தான் சார் ரெண்டு பக்கமும் மொட்டை மாடிக்கு மேல பதினஞ்சடி பைப்பு போட்டிருக்கு, பக்கம் ஏழுல பாருங்க" என்றாள். அவர் ஏழாம் பக்கத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு பேச்சு வட்டி விகிதத்துக்குப் போய்விட்டது. உங்கள் அறிக்கையை நீங்களே எழுதுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். நெட் சென்டரில் ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் அறிக்கையில் ஏழாம் பக்கம் எதற்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

10 லட்சம் வரை பிஎம்இஜிபி கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. கேட்டால், கேட்டதை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்; பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஒப்புதல் வந்ததும் தொழில்முனைவோர் பயிற்சி உண்டு. 5 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 5 நாள், அதற்கு மேல் 10 நாள். ஆன்லைனிலும் முடிக்கலாம். தள்ளிப்போடாதீர்கள், மானியம் கோரும் வேலை அந்தச் சான்றிதழுக்காக நிற்கும்.

பலர் ஏமாறுவது மானியம் வரும் விதத்தில். அது உங்கள் கையில் வராது. உங்கள் கடன் கணக்கோடு சேர்த்து வங்கியில் 3 வருடம் வைப்பாக இருக்கும். அதற்கு வட்டி வராது. அதே அளவு கடனுக்கு உங்களிடமும் வட்டி வாங்கக் கூடாது. தங்கச்சிக்குக் கடன் 2,37,500. மானியம் வந்து விழுந்த நாளிலிருந்து வட்டி ஓடுவது 1,50,000-க்கு மட்டும். வங்கியின் கணினி சில நேரம் முழுத் தொகைக்கும் வட்டி போட்டுவிடும், மாதா மாதம் ஸ்டேட்மென்ட் பாருங்கள். 3 வருடம் முடிந்து, நேரில் வந்து தொழில் நடப்பதைப் பார்த்த பிறகு மானியம் கடனில் கழியும். நடுவில் மூடிவிட்டால் அது போய்விடும்.

காலக் கணக்கு: தங்கச்சிக்கு விண்ணப்பத்திலிருந்து கடன் ஒப்புதலுக்கு நாலரை மாதம், முதல் பொருள் வந்து இறங்க இன்னும் ஒன்றரை மாதம். வேலையை விட்டுவிட்டு இதற்காகக் காத்திருக்காதீர்கள்.

8. வாங்கும்போதும் மாட்டும்போதும்

வங்கி பணத்தைக் கடைக்காரருக்கு நேரடியாக அனுப்பும். கொட்டேஷனில் இருந்த மாடலையே வாங்குங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ், 2018 அக்டோபரில் விடுவிக்கப்பட்ட 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்கு உரிமம் வேண்டாம். ஆனால் கருவிக்கு இ.டி.ஏ. என்ற அரசின் கருவி வகை ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அனுமதித்த சக்தி அளவையும் தாண்டக் கூடாது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்ததை மாட்டாதீர்கள்.

ஊரின் உயரமான இடம் தண்ணீர்த் தொட்டி. அதில் மாட்டப் பஞ்சாயத்துத் தீர்மானம் வேண்டும், தலைவரின் வாய்ச்சொல் போதாது. தலைவர் மாறுவார், தீர்மானப் புத்தகம் மாறாது. நகல் ஒன்று உங்கள் ஃபைலில் இருக்கட்டும். மின்கம்பத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எர்த்திங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். சித்திரை மாதக் கோடை மழையில் ஒரே இடியில் எனக்கு மூன்று பெட்டி போனது. கேபிள் வழியாக இறங்கி சுவிட்சையும் எரித்தது. நாலாயிரம் ரூபாய் எர்த்திங்கை "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டதற்குப் போனது இருபத்தெட்டாயிரம். இடி தாங்கும் அரெஸ்டரையும் காப்பீட்டையும் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள், பிறகு கைக்காசில் வராது.

ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் வரை உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. கூப்பன் வாங்குபவரிடம் ஓடிபி வாங்காமல், தெரிந்த பையன்தானே என்று உங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள். அவன் செய்யும் வேலைக்கு உங்கள் இணைப்பின் முகவரிதான் போலீஸ் கையில் இருக்கும்.

9. என்னைப் போல ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்களுக்கு

சிறுதொழில்களுக்கான முத்ரா கடன் இருக்கிறது. 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். அடமானம் இல்லை, மானியமும் இல்லை. நான் கிஷோரில் இரண்டு லட்சம் வாங்கினேன், ஆவணம் குறைவு, ஐந்து வாரத்தில் வந்தது. அதை ஒழுங்காகக் கட்டி முடித்து, தொழில் மூன்று வருடம் லாபத்தில் ஓடினால், பிஎம்இஜிபியின் இரண்டாம் கடனுக்கு முத்ரா வாங்கியவர்களும் கேட்கலாம். அதில் 15 சதவீதம் மானியம், சேவைத் தொழிலுக்கு உச்சவரம்பு 25 லட்சம். அதற்கு மூன்று வருட வருமான வரித் தாக்கலும் கணக்கும் கேட்பார்கள் என்பதால், வரி வருகிறதோ இல்லையோ முதல் வருடத்திலிருந்தே தாக்கல் செய்துவிடுங்கள். நான் இரண்டு வருடம் முடித்திருக்கிறேன். ஆடிட்டருக்கு வருடம் மூவாயிரம் ரூபாய் ஆகிறது.